சிங்கப்பூருக்கு இன்றைக்கு எவ்வளவு நேரம்?

சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன். சுமார் 2,920 கிலோமீட்டர். எங்கள் கணக்கில் 1,575 கடல் மைலை ஒட்டி வரும். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் மட்டும் "என்றைக்கு?" என்று திருப்பிக் கேட்டுவிடுகிறேன். கேட்டவர்கள் கொஞ்சம் விழிப்பார்கள். டிக்கெட்டிலேயே நாலு மணி இருபது நிமிடம் என்று போட்டிருக்கிறதே, இதில் இன்றைக்கு என்ன, நாளைக்கு என்ன என்பார்கள். இருபத்து மூன்று வருடமாக நான் செய்துவரும் வேலை முழுவதும் அந்த "என்றைக்கு" என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

நான் ஃப்ளைட் டிஸ்பாட்சர். விமானத்தில் ஏறாமல், தரையில் உட்கார்ந்து அதன் பயணத்தைத் திட்டமிடுகிறவன். இரவு 11 மணிக்கு ஒரு விமானம் கிளம்புகிறது என்றால் ஏழரை எட்டு மணிக்கே என் மேசையில் அது கிளம்பிவிடும். எந்த வழியில் போவது, எந்த உயரத்தில் போவது, எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது, இறங்க முடியாவிட்டால் எந்த ஊருக்குத் திரும்புவது என்று முடிவுசெய்து, ஃப்ளைட் பிளானை கேப்டனிடம் கொடுக்கவேண்டும். அவர் படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்ட பிறகுதான் விமானம் நகரும். பயணிகள் யாருக்கும் எங்கள் முகம் தெரியாது. அது ஒரு குறையாக எனக்கு ஒருநாளும் பட்டதில்லை.

தூரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் சிக்கல் குறைவு. மீனம்பாக்கத்தில் எங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே வந்தால் பரங்கிமலை தெரியும். இந்தியாவை அளந்த மாபெரும் நில அளவைப் பணி அங்கேதான் தொடங்கியது. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் பக்கம் இருந்த ஒரு குன்றுவரை, ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். நூறு அடி எஃகுச் சங்கிலியை நிழலில் வைத்து, வெப்பத்தில் அது எவ்வளவு நீள்கிறது என்று கணக்கில் சேர்த்து, சங்கிலி சங்கிலியாக நகர்ந்திருக்கிறார்கள். அந்த ஒரு கோட்டை ஆதாரமாக வைத்து முக்கோணம் முக்கோணமாக இமயம்வரை போனார்கள். நான் தினமும் தூரம் பார்க்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே தூரத்தை அப்படி மதித்த மனிதர்கள் இருந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய பலம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த மலையில் ஏறி நின்று ஓடுபாதையைப் பார்த்திருக்கிறேன்.

உலகம் உருண்டை என்பதால் இரண்டு ஊருக்கு நடுவே மிகக் குறுகிய வழி, வரைபடத்தில் வளைந்துதான் தெரியும். சென்னையிலிருந்து லண்டனுக்குக் கோடு போட்டால் அந்த வளைவு நன்றாகவே புரியும். சிங்கப்பூர் விஷயத்தில் அந்தத் தொல்லையே இல்லை. இரண்டு ஊரும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், தாளில் ஸ்கேல் வைத்துப் போடும் கோட்டுக்கும் உருண்டையின் மேல் நூல் பிடித்துப் போடும் கோட்டுக்கும் இரண்டு மூன்று மைல்கூட வித்தியாசம் வராது. தென்கிழக்கே, ஆனால் தெற்கைவிடக் கிழக்கை நோக்கிச் சாய்ந்த கோடு அது. வங்காள விரிகுடாவைக் கடந்து, பெரிய நிக்கோபார் பக்கமாகப் போய், சுமத்ராவின் வடமுனையைத் தொட்டும் தொடாமலும் மலாக்கா ஜலசந்திக்குள் நுழைந்து, அதன் வழியாகவே கீழிறங்கிச் சிங்கப்பூரில் முடியும். என் பெரியப்பா ரஜூலா கப்பலில் போன வழியும் ஏறக்குறைய இதுதான். 1926-இல் கட்டிய அந்தக் கப்பல் 1973 வரை சென்னைக்கும் மலேயாக் கரைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஓடியது. நாகப்பட்டினம், பினாங்கு என்று தொட்டுத் தொட்டுப் போகும். எத்தனை நாள் ஆகும் என்று சிறுவயதில் அவரைக் கேட்டபோது, "அது கடலப் பொறுத்துடா" என்றார். அப்போது அது பதிலாகவே எனக்குப் படவில்லை.

விமானம் அந்தக் கோட்டின் மேல் அப்படியே போகாது. வானத்தில் சாலைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர் இருக்கும். மலாக்கா ஜலசந்தியின் வடபுறத்தில் என் 571 என்று ஒரு வழி, அதில் வாம்பி, மெக்கார் என்று புள்ளிகள். ஐந்து எழுத்தில், ரேடியோவில் சொன்னால் குழப்பமில்லாமல் காதில் விழவேண்டும் என்பதற்காக வைத்த பெயர்கள் இவை. எந்த மொழியிலும் பொருள் இல்லாவிட்டாலும் எனக்கு அவை எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேருந்து நிறுத்தங்களைப் போலப் பழகிவிட்டன. சாலைகளின் வளைவு, கிளம்பும்போது போடும் சுற்று, இறங்கும்போது போடும் சுற்று எல்லாம் சேர்த்தால் 1,575 என்பது 1,600 கடல் மைல் ஆகிவிடும். சென்னையில் காற்று கிழக்கிலிருந்து அடித்தால் 07 ஓடுபாதையில் கடலைப் பார்த்தபடியே எழும்பி நேராகப் போய்விடலாம். மேற்கிலிருந்து அடித்தால் 25-இல் எழும்பி, பல்லாவரம் பக்கம் போய், திரும்பி வரவேண்டும். அங்கேயே சில நிமிடம் போய்விடும். தூரத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

நேரத்துக்கு வருவோம். முதலில் கடிகாரம் செய்யும் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இரவு 11 மணிக்குச் சென்னையில் கிளம்பும் விமானம் காலை 5.50-க்குச் சிங்கப்பூரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். திரும்பி வரும்போது இரவு 8 மணிக்கு ஏறினால் 9.40-க்குச் சென்னை. பார்த்தால் ஒன்றே முக்கால் மணிகூட இல்லை. முதல்முறை மகன் வீட்டுக்குப் போய்வரும் பெற்றோர் பலர் இதைச் சொல்லி வியப்பதைக் கேட்டிருக்கிறேன். நடுவே இருப்பது இரண்டரை மணி நேர வித்தியாசம். சூரியனைக் கேட்டால் அவ்வளவு சொல்லாது. சென்னை 80 பாகை கிழக்கு, சிங்கப்பூர் 104. நடுவே 24 பாகை. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் என்றால் 96 நிமிடம்தான் வரவேண்டும். சிங்கப்பூர் தன் கடிகாரத்தை நிலம் சொல்வதைவிட முன்னால் வைத்திருக்கிறது. 1982 ஜனவரி 1-ஆம் தேதி மலேசியாவோடு சேர்ந்து இன்னொரு அரை மணி முன்னே தள்ளியது. அதற்கு முன் நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம். அங்கே காலை ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது என்பதற்குக் காரணம் இதுதான். எங்கள் மேசையில் இந்தக் குழப்பம் எதுவும் கிடையாது. எல்லாம் உலகப் பொது நேரம், நாங்கள் ஜூலு என்போம். இரவு 11 என்பது எனக்கு 17.30 ஜூலு. வீட்டில் மனைவி மணி கேட்டால்கூட மனதுக்குள் ஐந்தரையைக் கூட்டித்தான் பதில் சொல்கிறேன்.

இனிதான் காற்று.

நான் முக்கொம்புக்குப் பக்கத்து ஊர்க்காரன். நீச்சல் கற்றது வாய்க்காலில். கரையில் நிற்கும் தென்னைக்கும் தென்னைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மாறுவதில்லை. ஆனால் தண்ணீர் போகும் பக்கம் நீந்தினால் பத்து வீச்சு, எதிர்த்து நீந்தினால் பதினைந்து வீச்சு. கை சலிப்பது தென்னைக் கணக்கில் அல்ல, தண்ணீர்க் கணக்கில். விமானமும் அப்படித்தான். அது தரையின் மேல் போகவில்லை, காற்றுக்குள் போகிறது. ஏ 320 ஒன்று 35,000 அடி உயரத்தில் மணிக்கு 450 நாட் வேகத்தில் காற்றுக்குள் போகும். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். காற்றே இல்லை என்றால் 1,600 மைலுக்கு 3 மணி 33 நிமிடம். எதிர்க்காற்று 40 நாட் என்றால் தரையின் மேல் வேகம் 410 ஆகும், நேரம் 3 மணி 54 நிமிடம். அதே 40 நாட் பின்னாலிருந்து தள்ளினால் 490, நேரம் 3 மணி 16 நிமிடம். ஊர் நகரவில்லை, கடல் நகரவில்லை, 38 நிமிடம் நகர்ந்துவிட்டது. எதிர்க்காற்று நாளில் இன்ஜினைப் பொறுத்தவரை சிங்கப்பூர் 1,600 மைலில் இல்லை. 1,750 மைலுக்கும் அப்பால் இருக்கிறது. இதைக் காற்றுத் தூரம் என்போம். எரிபொருள் போடுவது அந்தத் தூரத்துக்குத்தான்.

போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிடலாமே என்று தோன்றும். கூட்டிப் பாருங்கள். காற்றில்லாத நாளில் போய்வர 7 மணி 7 நிமிடம். 40 நாட் காற்றில் 7 மணி 10 நிமிடம். எதிர்க்காற்றில் அதிக நேரம் இருக்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம். அதனால் காற்று எடுத்துக்கொண்டது முழுவதையும் திருப்பிக் கொடுப்பதில்லை.

பொதுவாக உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் என்றுதான் எல்லாரும் படித்திருப்பார்கள். டெல்லியிலிருந்து கிழக்கே போகிறவர்களுக்குக் குளிர்காலத்தில் அது பெரிய வரம். எங்கள் பாதையில் கதை வேறு. குளிர்காலத்தில் இந்தக் கடலின் மேல் காற்று பெரும்பாலும் சாது. ஜூன் வந்தால் எல்லாம் மாறிவிடும். திபெத்தியப் பீடபூமியும் வட இந்திய நிலமும் சூடேறி, அதற்குமேல் உயரத்தில் காற்றழுத்தம் கூடி, அதன் தென்புறமாகக் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு காற்றாறு ஓட ஆரம்பிக்கும். வெப்பமண்டலக் கீழைக்காற்றாறு என்று அதற்குப் பெயர். 1950-களில் அதைக் கண்டறிந்து உலகுக்கு விளக்கியவர் நம் நாட்டு வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம். சென்னையின் அட்சரேகையை ஒட்டித்தான் அதன் நடுப்பகுதி ஓடும். 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் அதன் உச்ச வேகம். விமானங்கள் பறக்கும் 11, 12 கிலோமீட்டரில் அதன் கீழ்விளிம்பு. கீழே தரையில் தென்மேற்குப் பருவக்காற்று ஒரு பக்கம் வீசும், மேலே இது நேர் எதிர்ப்பக்கம் வீசும். ஜூலையில் மீனம்பாக்கத்தில் நின்று முகத்தில் மேல்காற்றை உணரும்போது, தலைக்கு நேர் மேலே இன்னொரு காற்று வேறு திசையில் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்துப் பார்ப்பேன். இன்னும் எனக்கு அந்த வியப்பு தீரவில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத்தான் பரீட்சையில் தேறினேன். கற்றுக்கொண்டது வேறு நாளில். வேலைக்கு வந்து இரண்டாவது வருடம், ஒரு ஜூலை மாதம். உயரம் கூடக்கூட எரிபொருள் மிச்சம் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். காற்று மெலிதாக இருப்பதால் உராய்வு குறையும். அன்றைக்கு விமானத்தில் பாரம் குறைவு. ஆகவே 39,000 அடிக்குத் திட்டம் போட்டுத் தாளை நீட்டினேன். கேப்டன் வயதில் மூத்தவர், விமானப்படையில் இருந்து வந்தவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, காற்றுப் பட்டியல் இருந்த பக்கத்தைத் திருப்பினார்.

"தம்பி, முப்பத்தொன்பதுல எதிர்க்காத்து எவ்வளவு போட்டிருக்கு?"

"சராசரி ஐம்பத்தஞ்சு சார்."

"முப்பத்திமூணுல?"

நான் பார்த்திருக்கவில்லை. அந்தத் தாளிலேயே இருந்தது. விரலை வைத்துத் தேடினேன். 30 நாட்.

"உக்காருங்க. போட்டுப் பாருங்க. நான் காப்பி குடிச்சிட்டு வரேன்" என்று போய்விட்டார்.

போட்டுப் பார்த்தேன். 39,000 அடியில் விமானத்தின் வேகம் 447, காற்று போக 392. நேரம் 4 மணி 5 நிமிடம். 33,000 அடியில் வேகம் 454, காற்று போக 424. நேரம் 3 மணி 46 நிமிடம். கீழே பறந்தால் மணிக்கு எரியும் எரிபொருள் சற்றுக் கூடத்தான் செய்யும். ஆனால் 19 நிமிடம் குறைவாக எரியுமே. கூட்டிக் கழித்ததில் கீழே போவதுதான் லாபம். நேரமும் மிச்சம், எரிபொருளும் மிச்சம். கேப்டன் திரும்பி வந்தபோது புதுத் தாள் தயாராக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, பழைய தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. இப்போதைய கணினி எல்லா உயரத்தையும் தானே ஒப்பிட்டு நல்லதை எடுத்துக் கொடுத்துவிடும். ஆனாலும் நான் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை விரல் வைத்துப் படிக்காமல் எந்த விமானத்தையும் அனுப்புவதில்லை. என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கும் முதலில் அதைத்தான் சொல்லித் தருகிறேன். திரும்பி வரும் விமானத்துக்கு எல்லாம் தலைகீழ். முடிந்தவரை மேலே ஏற்றி, அந்தக் காற்றாற்றில் இறக்கிவிட வேண்டும். கிழக்கே போனால் ஒற்றைப்படை உயரம், மேற்கே வந்தால் இரட்டைப்படை. ஆகவே 38,000 கிடைக்கிறதா என்று பார்ப்போம்.

வேகமாகப் போனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தாமதமாகக் கிளம்பினால் கேப்டன் பிடித்துவிடுவார் என்று நம்பி உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. ஒலியின் வேகத்தில் 0.78 பங்கு என்பதை 0.80 ஆக்கினால் இந்த 1,600 மைலில் கிடைப்பது ஆறு நிமிடம். அதற்குக் கூடுதலாக எரிவதைப் பார்த்தால் பெரும்பாலான நாளில் அது நல்ல வியாபாரம் இல்லை. சரியான உயரம் 19 நிமிடம் கொடுக்கிறது, அவசரம் ஆறு நிமிடம் கொடுக்கிறது.

கடலுக்கு நடுவே ஒரு புள்ளி இருக்கிறது. எந்த வரைபடத்திலும் கிடையாது. என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான். சம நேரப் புள்ளி என்போம். வழியில் ஒருவருக்கு நெஞ்சுவலி, அல்லது ஓர் இன்ஜின் நின்றுவிட்டது என்றால் திரும்புவதா, தொடர்வதா? எந்தப் பக்கம் சீக்கிரம் போகலாமோ அந்தப் பக்கம். பாதித் தூரம் தாண்டினால் தொடர்வது நல்லது என்று தோன்றும். காற்று அப்படி விடாது. மேலே சொன்ன அதே 40 நாட் எதிர்க்காற்று நாளை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னே போனால் 410, திரும்பினால் 490. பாதி வழி 800 மைல். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே நேரம் ஆகும் இடம் 871-ஆவது மைலில் இருக்கிறது. 850-ஆவது மைலில் இருக்கும் விமானத்துக்குச் சிங்கப்பூர் கிட்டத்தில் இருக்கிறது, சென்னை சீக்கிரத்தில் இருக்கிறது! தூரமும் நேரமும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு எதுவும் காட்டியதில்லை. இது புரிவதற்காகச் சொன்ன எளிய கணக்கு. உண்மையில் வழியில் அந்தமானும் பந்தா ஆச்சேவும் மேடானும் பினாங்கும் இருக்கின்றன. அந்த நேரத்துக்கு அந்த ஓடுபாதைகள் திறந்திருக்கின்றனவா, அங்கே வானிலை எப்படி, விளக்குகள் எரிகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியே புள்ளி குறிக்கவேண்டும். காற்று மாறினால் புள்ளி நகரும். நேற்று குறித்த புள்ளியை இன்றைக்கு வைத்துக்கொள்ள முடியாது.

இனி ஒரு கசப்பான இரவைச் சொல்லவேண்டும்.

சிங்கப்பூர்க்காரர்கள் "சுமத்ரா" என்று ஒரு மழையைச் சொல்வார்கள். தென்மேற்குப் பருவகாலத்திலும் அதன் முன்பின் மாதங்களிலும், இரவில் மலாக்கா ஜலசந்தி, சுமத்ராப் பக்கத்தில் இடிமேகங்கள் வரிசை கட்டும். விடியற்காலையில் அந்த வரிசை அப்படியே கிழக்கே நகர்ந்து சிங்கப்பூரைத் தாண்டிப் போகும். சூறைக்காற்று, பேய்மழை, ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெறும் தூறல். நம் ஊர் இரவு விமானங்கள் சரியாக அந்த நேரத்துக்குத்தான் அங்கே போய்ச் சேரும்.

நான் பணியில் பத்து வருடம் முடித்திருந்தேன். கூடுதல் எரிபொருளைக் குறையுங்கள் என்று மேலிடத்திலிருந்து அடிக்கடி வலியுறுத்திய காலம். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. எரிபொருளுக்கும் எடை உண்டு. ஒரு டன்னைச் சும்மா சிங்கப்பூர்வரை சுமந்து போனால், சுமந்த கூலியாகவே 120 கிலோவை ஒட்டி எரிந்துவிடும். விதிப்படி போடவேண்டியது என்று ஒரு கணக்கு இருக்கிறது. பயணத்துக்கு, அதற்குமேல் ஐந்து சதவீதம், இறங்க முடியாவிட்டால் மாற்று ஊருக்கு, அதற்கும்மேல் அரை மணி. எல்லாவற்றையும் போட்டேன். ஒரு சொட்டு அதிகம் போடவில்லை. சாங்கி விமான நிலையத்தின் வானிலை முன்னறிவிப்பு "சில நேரம் இடிமழை" என்றுதான் சொன்னது. செயற்கைக்கோள் படத்தில் ஜலசந்திக்கு மேற்கே நாலைந்து வெள்ளைப் பொட்டுகள் தனித்தனியே இருந்தன. பார்த்தேன். அவை சேர்ந்து ஒரு வரிசையாகும் என்று நினைக்கவில்லை.

விமானம் போய்ச் சேர்ந்தபோது வரிசை சரியாக ஓடுபாதையின் மேல் நின்றது. சுற்றி நிற்கச் சொன்னார்கள். அந்த ஐந்து சதவீதம் என்பது சுமார் 500 கிலோ. அதை வைத்துப் பதின்மூன்று பதினாலு நிமிடம் சுற்றலாம். அதற்குமேல் நின்றால் மாற்று ஊருக்குப் போகும் எரிபொருளில் கைவைக்க வேண்டும். கேப்டன் சரியாக அந்த இடத்தில் முடிவெடுத்துக் கோலாலம்பூருக்குத் திருப்பினார். அவர் போன இருபது நிமிடத்தில் சிங்கப்பூர் திறந்துவிட்டது. நான் ஒரு டன் அதிகம் போட்டிருந்தால் நின்று இறங்கியிருக்கலாம். கோலாலம்பூரில் எரிபொருள் நிரப்பி, பணிநேரக் கணக்குப் பார்த்து, மறுபடி கிளம்பிச் சேரும்போது ஐந்து மணி நேரம் தாமதம். அதில் வேலைக்கு முதல்நாள் போய்ச் சேரவேண்டிய பையன்கள் இருந்தார்கள். வேறு விமானம் பிடிக்கவேண்டியவர்கள் இருந்தார்கள். யாருக்கும் ஆபத்து இல்லை. விதியும் மீறப்படவில்லை. விசாரணையில் என் மேல் குற்றம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பொட்டுகளை நான் பார்த்தேன் என்பது எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து ஏப்ரல் முதல் நவம்பர் வரை, சிங்கப்பூருக்கு விடியலில் சேரும் எந்த விமானத்துக்கும், கடைசியாக அந்தப் படத்தைப் பார்க்காமல் எரிபொருள் எண்ணை முடிவுசெய்வதில்லை. பொட்டுகள் இருந்தால் 800 கிலோ, ஒரு டன். ஏன் என்று கேட்டால் படத்தை அச்செடுத்து வைத்திருப்பேன், காட்டிவிடுவேன். வானம் சுத்தமாக இருந்தால் ஒரு கிலோகூட அதிகம் போடுவதில்லை. எல்லா நாளும் அள்ளிப் போடுவதும், எல்லா நாளும் அளந்து போடுவதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு பக்கம் என்பது என் தீர்மானமான கருத்து.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நாலு மணி இருபது நிமிடம் பொய் அல்ல. விமானம் தன் இடத்தைவிட்டு நகர்ந்ததிலிருந்து, அங்கே போய் நிற்கும்வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கியபின் சாங்கியில் நெடுந்தூரம் ஊர்ந்து வருவது எல்லாம் அதில் அடக்கம். முந்தைய பருவங்களில் ஆன நேரத்தைப் பார்த்து, பெரும்பாலான நாளுக்குப் பொருந்துகிற மாதிரி ஓர் எண்ணை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தீர்மானிக்கிறார்கள். தைத்து மாட்டிய சட்டைபோல, எல்லாருக்கும் ஏறக்குறைய சரியாக இருக்கும். எங்கள் வேலை அன்றைக்கு அளவெடுத்துத் தைப்பது. லண்டனிலும் வாஷிங்டனிலும் உள்ள உலக வானிலை மையங்கள் நாளுக்கு நான்கு முறை உயரக் காற்றின் முன்னறிவிப்பை அனுப்புகின்றன. ஒவ்வொரு முறை புதிய காற்று வரும்போதும் சிங்கப்பூர் கொஞ்சம் கிட்டே வருகிறது, அல்லது கொஞ்சம் விலகிப் போகிறது. இருபத்து மூன்று வருடத்தில் ஒரே எண்களோடு இரண்டு ஃப்ளைட் பிளான் என் கையை விட்டுப் போனதாக நினைவில்லை.

அடுத்தமுறை நீங்கள் அந்த விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும், கேப்டன் ஒலிபெருக்கியில் "பறக்கும் நேரம் 3 மணி 46 நிமிடம்" என்பது போல ஓர் எண்ணைச் சொல்வார். தயவுசெய்து அதைக் காதில் வாங்குங்கள். அது டிக்கெட்டிலிருந்து படித்தது அல்ல. அந்த இரவின் காற்றுக்கு, அந்த விமானத்தின் எடைக்கு, கீழே ஒருவர் உட்கார்ந்து போட்ட கணக்கு. தரையைவிட்டு எழும்பியது முதல் தரையைத் தொடும்வரை மட்டுமே அது. அழைத்துப் போக வருகிறவர்களுக்குச் செய்தி அனுப்புவதானால், டிக்கெட்டைப் பார்த்துச் சொல்லாமல், எழும்பும் நேரத்தோடு அந்த எண்ணைக் கூட்டி, சாங்கியில் ஊர்ந்து வரப் பத்து நிமிடம் சேர்த்துச் சொல்லுங்கள். பெட்டி வரும் நேரம் தனி.